தேய்ந்த காசும் அதன் இஸ்னாதும்

மத்ரஸாவில் ஃபிக்ஹு ஓதுவோர்க்கு 'ஃபுலூஸ்' என்னும் சொல் புதிதன்று. பொன் தீனாரும் வெள்ளி திர்ஹமும் அல்லாத செப்புச் சில்லறையை அது குறிக்கும். ரோமர்களின் 'ஃபோல்லிஸ்' கிரேக்கர் வாயிலாக அரபு நாவில் ஏறி 'ஃபல்ஸ்' ஆயிற்று. ஃபுலூஸ் அதன் பன்மை. கையில் செப்புக் காசன்றி வேறெதுவும் எஞ்சாதவனே 'முஃப்லிஸ்'. பல்லாண்டு இவற்றை ஓதிக்கொடுத்த நமக்கு, அச்சொல்லின் மூதாதையைக் கண்ணால் காணும் ஆவல் எழுந்தது. இணையவழி வணிகர் ஒருவர் 180 ரூபாய்க்கு ஒரு ரோமக் காசை அனுப்பிவைத்தார்.

சட்டைப் பொத்தானை ஒத்த அளவு. முகம் முற்றும் மழுங்கியிருந்தது. புளியிட்டுத் துலக்கலாம் என்றனர் மாணவர். களிம்போடு எஞ்சிய எழுத்தும் போய்விடும் எனத் தடுத்தோம். நகைக்கடைத் தராசில் ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவாக நின்றது. இரவில் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, உருப்பெருக்கியால் பின்புறத்தை நோக்கினோம். ஈட்டி தாங்கிய வீரர் இருவர் நிழலாய் எழுந்தனர். அவர்களிடையே ஒரே ஒரு கொடிக்கம்பம்.

அந்த ஒரு கம்பமே போதுமானதாயிற்று. 'படையின் புகழ்' எனப் பொருள்படும் இலத்தீன் வாசகத்துடன் கான்ஸ்டன்டைன் மன்னர் 330இல் வெளியிட்ட இவ்வகைக் காசில் முதலில் கம்பங்கள் இரண்டு. 335 அளவில் எடையைக் குறைத்தபோது கம்பமும் ஒன்றாயிற்று. 337இல் மன்னர் மறைந்த பின்னரும் அவர் மக்கள் 341 வரை இதனை அடித்தனர். எனவே முகம் தந்தையுடையதா, மைந்தருள் ஒருவருடையதா என்று கூற இயலாவிடினும் காலம் ஆறே ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டது.

இனித்தான் வழக்கு. காசோடு வந்த சீட்டில் 'தென்பெண்ணை ஆற்றில் கிடைத்தது' என்றிருந்தது. முகையூரில் பள்ளிக் கண்காட்சி நடத்தவிருந்த நண்பர் ஒருவர் அகமகிழ்ந்து, 'நம் ஆற்றில் கிடைத்த ரோமக் காசு' என்றெழுதி, அதன்கீழ் நம் கையொப்பத்தைக் கேட்டார். நடவாத செய்தியன்று அது. கரூர், மதுரை, திருக்கோவலூர் ஆகிய ஊர்களின் பிற்கால ரோமச் செப்புக் காசுகளைப் பற்றி நாணயவியலறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி தனிநூலே எழுதினார். திருக்கோவலூரோ நமக்கு அண்டை ஊர்.

ஆயினும் வணிகரை வினவினோம். "இன்னொருவர் தந்தார்." அவர் யார்? "ஒருவர்." பெயரற்ற அறிவிப்பாளரை ஹதீஸ் கலையினர் 'முப்ஹம்' என்பர், அத்தகையவர் வழிவந்த செய்தி ஆதாரமாகாது. இங்கே மத்னு தேய்ந்தும் படிக்கக் கூடியதாயிருக்கிறது. இஸ்னாதோ அறுந்து கிடக்கிறது. இதே வகைக் காசுகள் ஐரோப்பிய வயல்களிலிருந்து குவியல் குவியலாய் விலைக்கு வருகின்றன. மேலும், உண்மையாகவே நம் மண்ணில் புதைந்திருந்து கிடைத்ததாயின், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அது ஆட்சியர் அலுவலகத்துக்கல்லவா போயிருக்க வேண்டும்!

"ஊருக்குப் பெருமைதானே, உஸ்தாது?" என்றார் நண்பர். பிள்ளைகள் அதை நம்பி ஏட்டில் எழுதிக்கொள்வார்களே என்றோம். முகம் வாடினாலும் சீட்டை மாற்ற இசைந்தார். 'ரோமச் செப்புக் காசு. கி.பி. 335–341. கிடைத்த இடம் தெரியாது.' கடைசி மேசையில் வைத்தார்கள். உருப்பெருக்கியை வாங்கி அந்த இரு வீரர்களையும் தேடிய சிறுவர்களின் வரிசை மாலைவரை குறையவில்லை.