உழவுக்காட்டில் ஒரு பழைய ஊர்

தை பிறந்து அறுவடை வேலைகள் ஓய்ந்தால் நம் பக்கத்துக் குடும்பங்கள் சுற்றுலா கிளம்பிவிடும். ஊட்டி, வால்பாறை, டாப்சிலிப், திருமூர்த்தி மலை என்று ஒரு நாள், இரண்டு நாள் பயணம். கொஞ்சம் வசதி இருந்தால் மாமல்லபுரம், தஞ்சாவூர், ஹம்பி வரை போய் வருவார்கள். எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். நானும் மனைவி, மகள், மகனோடு அங்கெல்லாம் போயிருக்கிறேன். ஆனால், வருடத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் வேறு கணக்கு. அன்றைக்கு எங்கள் வண்டி வெள்ளோடு, சென்னிமலை வழியாகக் கொடுமணலுக்குப் போகும். "அங்க என்னங்க இருக்குது பாக்கறதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. நிலம் வைத்திருக்கும் நமக்கு இதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது.

கோவையிலிருந்து விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குப் போய்விடலாம். பெருந்துறையிலிருந்து பக்கம்தான். ஏறக்குறைய 190 ஏக்கர் பரப்புள்ள ஏரி. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன் எல்லாம் அங்கே கிடைக்கும் மரங்களில் அடைந்திருக்கும். கார்த்திகை முதல் மாசி வரை போனால் கூட்டம் அதிகம். நான் சொல்வது பறவைக் கூட்டத்தை!

அங்கே நிற்கும்போது பிள்ளைகளுக்கு நான் வேடந்தாங்கல் கதையைச் சொல்வது வழக்கம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, வேடந்தாங்கல் ஊர்மக்கள் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் பறவைகளைப் பாதுகாக்க உத்தரவு வாங்கினார்கள். காரணம் எளிமையானது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் நன்றாக விளைந்தது. வனத்துறை வருவதற்கு முன்பே அந்த ஏரியைக் காத்தவர்கள் விவசாயிகள்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுமணலுக்கும் இது பொருந்தும்.

ஒன்றுமே இல்லாத ஊர்

சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில், நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். முதல் தடவை போனபோது என் மகனுக்குப் பத்து வயது. வண்டியை விட்டு இறங்கி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "அப்பா, இடிஞ்ச கோட்டை எங்க?" என்று கேட்டான். கோட்டையும் இல்லை, கோபுரமும் இல்லை. சோளத்தட்டு அறுத்த காடு, கிளுவை வேலி, மேயும் ஆடுகள். எந்தக் கிராமத்திலும் பார்க்கிற காட்சிதான்.

ஆனால், காலடியில் இருப்பது 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு தொழில் நகரம். 1985 முதல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகமும், 2012, 2013-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 2020-ல் தமிழ்நாடு தொல்லியல் துறையும் இங்கே அகழாய்வு செய்திருக்கின்றன. இரும்பு உருக்கிய உலைகள், எஃகு செய்த தடயங்கள், நூல் நூற்கும் தக்களி, சங்கு வளையல் துண்டுகள், அரைகுறையாக நின்றுபோன கல்மணிகள் கிடைத்தன. தமிழ் பிராமி எழுத்தில் பெயர்கள் கீறிய பானை ஓடுகள் மட்டும் நூற்றுக்கணக்கில். ஒரே ஈமக்குழியில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. பதிற்றுப்பத்து சொல்லும் 'கொடுமணம்' இந்த ஊர்தான் என்பது அறிஞர்கள் கருத்து.

அக்கம்பக்க ஊர்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். காங்கேயம் அருகே படியூரில் பச்சைக்கல், சிவன்மலையில் நீலக்கல், சென்னிமலைப் பக்கம் இரும்புத் தாது. சுற்று வட்டாரத்தில் கிடைத்ததைக் கொண்டுவந்து இங்கே பொருளாக்கியிருக்கிறார்கள். மேற்குக் கடற்கரை முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன வணிகப் பாதை இந்த வழியாகத்தான் போனது. அதே பாதையில், நம் கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில், 1842-ல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளி நாணயங்கள் ஒரே இடத்தில் கிடைத்தன. இன்றைக்குத் திருப்பூர் பனியனும், சென்னிமலைப் போர்வையும் ஏற்றுமதியாகின்றன அல்லவா? இந்த மண்ணுக்கு அது புதுப்பழக்கம் இல்லை.

இதையெல்லாம் சொன்னதும் மகன் தரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டான். கறுப்பு–சிவப்புப் பானை ஓடு ஒன்று கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தோம். மகள், "உள்பக்கம் மட்டும் கறுப்பா இருக்குதேப்பா, கருகிப்போச்சா?" என்றாள். பானையைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் புகாத உள்பக்கம் கறுத்துவிடும், வெளிப்பக்கம் சிவக்கும் என்று விளக்கினேன். பார்த்த ஓட்டை, கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம். இடம் மாறிய ஓடு வெறும் ஓடுதான். இருந்த இடத்தில் இருந்தால்தான் அது சாட்சி.

மண் சொல்லும் சாட்சி

பழைய ஊர் இருந்த மேட்டு மண் சாம்பல் நிறமாக, பொலபொலவென்று இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அடுப்புச் சாம்பல், எலும்பு, சாணம், குப்பை எல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த மண் அது. அதனால், அதில் மணிச்சத்து மிகுந்திருக்கும். ஓலாஃப் அர்ரீனியஸ் என்ற சுவீடன் நாட்டு வேளாண் வேதியியலாளர், சர்க்கரைக் கிழங்கு பயிரிடுவதற்காக நிலங்களின் மணிச்சத்தை அளந்துகொண்டு போனார். சில இடங்களில் மட்டும் அளவு எக்கச்சக்கமாக ஏறியது. அங்கெல்லாம் பழங்காலக் குடியிருப்புகள் இருந்தது தெரியவந்தது. சுமார் 1930 வாக்கில் அவர் வெளியிட்ட இந்த விவரத்தை வைத்துத்தான், மண் பரிசோதனை தொல்லியலுக்குள் நுழைந்தது.

எகிப்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. சிதைந்த பழைய ஊர்களின் மண்ணை எருவாக வெட்டி வயலுக்கு ஏற்றினார்கள். பல ஊர்கள் அப்படியே கரைந்து போயின. நம் ஊரிலும் நத்தமேட்டு மண்ணை வண்டி வண்டியாக அடித்துத் தோட்டத்துக்குக் கொட்டியவர்கள் உண்டு. அந்த மண்ணில் இருக்கும் சத்தைத் தொழுவுரத்திலும் மண்புழு உரத்திலும் நாம் உண்டாக்கிக்கொள்ளலாம். அந்த மேட்டைத் திரும்ப உண்டாக்க முடியாது.

காங்கேயம், சென்னிமலைப் பக்கம் கல்வட்டங்கள் தப்பிப் பிழைத்ததற்கு நம் கொறங்காடும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் நிற்கிற மேய்ச்சல் காட்டை அடிக்கடி உழுவதில்லை. மாடு மேய்ந்தால் கல் நகராது. டிராக்டர் ஏறினால் நகரும். ஜேசிபி வந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாமே முடிந்துவிடும்.

"சொன்னா நெலத்தைப் புடிங்கிக்குவாங்களாமே?"

சில வருடங்களுக்கு முன்பு, காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெரியவர் ஒருவர் தன் காட்டைக் காட்டினார். மூன்று கல்வட்டங்கள். அவர்கள் வழக்கில் 'பாண்டுகுழி'. "சொட்டுநீர் போடலாம்னு இருக்கறனுங்க. இதைத் தள்ளி உட்டுட்டா காடு சமமாயிருமுங்க. ஆபீஸருக்குச் சொன்னா நெலத்தைப் புடிங்கிக்குவாங்கன்னு பையன் பயப்படறானுங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

அவருக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். 10 மீட்டர் குறுக்களவுள்ள வட்டம் அடைப்பது சுமார் 78 சதுர மீட்டர். அதாவது, 2 சென்ட்டுக்கும் குறைவு. மூன்றும் சேர்ந்து 6 சென்ட். அதைச் சுற்றிக் கிளுவை நட்டுவிட்டு, பக்கவாட்டுக் குழாயைத் திருப்பிக்கொண்டால் போதும். "ஆறு சென்ட்டுல நானென்ன பண்ணையாரா ஆகப்போறேன், உடுங்க!" என்று சிரித்தார்.

அவருடைய பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. பலருக்கும் அது இருக்கிறது. எனவே, தெளிவாகச் சொல்கிறேன். நிலத்தில் பானை ஓடோ, கல்வட்டமோ இருப்பதாலேயே நிலம் கைவிட்டுப் போய்விடாது. மத்திய அரசு முறைப்படி பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கட்டத் தடை, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றுக் கட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். அது கட்டுமானத்துக்கான கட்டுப்பாடு. கீழடியில் அகழாய்வு நடந்ததே தென்னந்தோப்புகளில்தான். நிலத்துக்காரர்கள் இடம் கொடுத்ததால்தான், 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில் இன்றைக்கு ஊரே போய் நிற்கிறது.

அடுத்த வருடம் அந்தக் காட்டைப் பார்த்தபோது இரண்டு வட்டங்கள் இருந்தன. மூன்றாவது, பாகப்பிரிவினையில் தம்பி பங்குக்குப் போய், சமப்படுத்தப்பட்டிருந்தது. பெரியவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தன் பங்கில் இருந்த இரண்டுக்கும் கிளுவை நட்டிருப்பதைக் காட்டினார். துளிர்த்திருந்தது.

ஆற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள்

கொடுமணல் வரை போகிறவர்கள் அருகிலுள்ள ஒரத்துப்பாளையம் அணையையும் பார்க்க வேண்டும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய அணை. 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. பாசன நீருக்குப் பதிலாகச் சாயக்கழிவு நீர் தேங்கியது. சுற்றுப்புறக் கிணறுகளில் உப்பு ஏறி, தென்னைகள் காய்ந்தன. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்திய பிறகு, கழிவு நீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அழகான இடத்துக்கு மட்டும்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதில்லை. இரும்பு உருக்கி, கல் அறுத்து, நூல் நூற்ற ஒரு ஊர் பல நூறு ஆண்டுகள் இதே ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வாழ்ந்திருக்கிறது. நாமோ ஒரே தலைமுறையில் அதைத் தொட முடியாதபடி ஆக்கினோம். என் மகள் அன்றைக்கு வீடு வரும் வரை கேட்ட கேள்விகள், எந்த அருவிக்குப் போனபோதும் அவள் கேட்டதில்லை.

போகிறவர்களுக்கும் நிலம் வைத்திருப்பவர்களுக்கும்

கொடுமணலில் பெரும்பகுதி பட்டா நிலம். காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். விதைத்த காட்டில் கால் வைக்காமல் வரப்பில் நடங்கள். மணி, ஓடு எதையும் பையில் போடாதீர்கள். தண்ணீர் பாட்டிலையும் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் திரும்ப எடுத்து வாருங்கள். பாலித்தீன் தின்று செத்த மாட்டின் விலையை எந்தச் சுற்றுலாப் பயணியும் கொடுப்பதில்லை. இன்னொரு நாள் கிடைத்தால் அரச்சலூர் நாகமலைக்குப் போங்கள். இசை எழுத்துகள் பொறித்த பழங்காலக் கல்வெட்டு அங்கே பாறைக் குகையில் இருக்கிறது.

உங்கள் நிலத்திலேயே தாழி, பெரிய அளவில் பானை ஓடுகள், கல் அடுக்கு தென்பட்டால் உழவை அந்த இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். செல்போனில் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் அல்லது தாசில்தாருக்குத் தெரிவியுங்கள். நாணயமோ நகையோ கிடைத்தால், 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் சொல்ல வேண்டும். பொருளை அரசு எடுத்துக்கொள்வதானால் மதிப்புடன் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது. உருக்கி விற்றால் உலோக விலை மட்டும்தான் மிஞ்சும். வழக்கும் சேர்ந்து வரலாம்.

ஹம்பிக்கும் மாமல்லபுரத்துக்கும் காவலர்கள் இருக்கிறார்கள், கம்பி வேலி இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய ஊர்கள் சோளத்துக்கும் கடலைக்கும் அடியில் கிடக்கின்றன. அவற்றுக்குக் காவல் ஏர் பிடிப்பவர்தான். இந்த வருடம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும், முதலில் உங்கள் ஊர் நத்தமேட்டுக்கு ஒரு சாயங்காலம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். வண்டிக்குப் பெட்ரோல்கூட வேண்டியதில்லை.