பானெட்டைத் தூக்கினால் தெரியும் ஜீப்பின் ஜாதகம்!

கொல்லிமலைக்குப் போய் வந்தவர்கள் முதலில் சொல்வது 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான். நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏற ஆரம்பித்தால், வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை வரும். முதல் கியர், இரண்டாவது கியர் என்று மாற்றி மாற்றித்தான் ஏற வேண்டும். வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், இந்த ரோட்டில் பேசுவது இன்ஜின்தான்.

வளைவுகள் முடிந்து சோளக்காடு வந்தால் மிளகு, பலா, அன்னாசி வாசம். அங்கிருந்து செம்மேடு. அரப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் இந்த வழியாகத்தான் போனோம். செம்மேட்டில் நாங்கள் நின்றதற்கு வேறு காரணம் இருந்தது. உடன் வந்த நண்பருக்குப் பழைய ஜீப் ஒன்று வாங்க ஆசை. ‘ஒரிஜினல் வில்லீஸ், பெட்ரோல் வண்டி’ என்று சொல்லி விலையும் பேசி வைத்திருந்தார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் பெரியவர் ஒருவரிடம் காட்டினோம். நாற்பது வருஷமாக ஜீப் வேலை பார்ப்பவர்.

“பாடியப் பாத்து ஏமாந்துராதீங்க தம்பி. பெயின்ட் அடிச்சா எல்லா வண்டியும் புதுசுதான். பானெட்டைத் தூக்குங்க” என்றார்.

பானெட்டைத் தூக்கும் முன்பே ஒரு துப்பு உண்டு. 1947-ல் மஹிந்திரா நிறுவனம் இந்தியாவில் வில்லீஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அந்தக் காலத்து ஜீப்பின் இன்ஜினுக்கு ‘கோ டெவில்’ என்று பெயர். 4 சிலிண்டர், சுமார் 2.2 லிட்டர், 60 குதிரைத் திறன். வால்வுகள் எல்லாம் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். அதனால் ஹெட் தட்டையாக, ஒரு பலகை மாதிரி தெரியும். அதன்மேல் நான்கு ஸ்பார்க் பிளக்குகள் நேராக நிற்கும்.

அடுத்து வந்தது ‘ஹரிகேன்’. அதே 2.2 லிட்டர்தான். ஆனால், காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வால்வுகளை மேலே, ஹெட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புகை வெளியேறும் வால்வுகள் பிளாக்கிலேயே இருந்தன. சக்தி 70 குதிரைத் திறனைத் தாண்டியது. இன்ஜினும் உயரமானது. அதை மூடுவதற்காகவே 1953-ல் வந்த சிஜே 3பி ஜீப்பின் பானெட்டை உயர்த்தினார்கள். ‘லோ பானெட்’, ‘ஹை பானெட்’ என்று ஜீப் பிரியர்கள் பிரித்துச் சொல்வது இதனால்தான். ஹரிகேன் இன்ஜினின் தலையில் தகர மூடி இருக்கும். கார்புரேட்டரும் ஹெட்டை ஒட்டி மேலே உட்கார்ந்திருக்கும்.

அம்பாசடரிலும் இதே கதைதான். ஆரம்பத்தில் வந்த 1,476 சிசி இன்ஜினுக்குத் தட்டை ஹெட். பின்னால் வந்த 1,489 சிசி இன்ஜினில் வால்வுகள் மேலே ஏறிவிட்டன. பிளக்குகள் பக்கவாட்டுக்குப் போய்விட்டன. தலையைப் பார்த்தாலே எந்தத் தலைமுறை என்று சொல்லிவிடலாம்.

நண்பர் பார்த்த ஜீப்பில் தட்டை ஹெட்டும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் எதுவுமே இல்லை. பதிலாக, பக்கத்தில் ஒரு பம்ப். அதிலிருந்து மெல்லிய இரும்புக் குழாய்கள் நான்கு, நான்கு நாசில்களுக்குப் போயின. பெரியவர் சிரித்தார். “இது டீசல் இன்ஜினுங்க. மலை ஏற நல்லாத்தான் இழுக்கும். ஆனா, ஆர்.சி. புக்குல என்ன போட்டிருக்கு?”

பெட்ரோல் என்று இருந்தது.

அங்கேதான் சிக்கல். இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் பதிய வேண்டும். சொந்த வண்டிக்கு 15 வருஷம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. அந்தச் சோதனையில் எண் ஒத்துப்போகாவிட்டால், வாங்கியவர்தான் அலைய வேண்டும்.

எண் பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் சொன்னார். பிளாக்கில் புடைத்து நிற்கும் எழுத்துகள் வார்ப்பிலேயே வந்தவை. அதே அச்சில் வார்த்த எல்லா இன்ஜினிலும் அவை இருக்கும். இன்ஜின் நம்பர் என்பது உளியால் குத்தியதுபோல் பள்ளமாக இருக்கும். வில்லீஸ் பெட்ரோல் இன்ஜின்களில் அது முன்பக்கம், வாட்டர் பம்ப் அருகே இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஒரு தாளை வைத்து பென்சிலால் தேய்த்தால் அப்படியே பதியும். அந்த இடத்தில் அரம் போட்ட தடமோ, எண்கள் ஒன்றுக்கொன்று கோணலாகவோ தெரிந்தால் விலை பேசாமல் வந்துவிட வேண்டும்.

நண்பர் அன்று முன்பணம் கொடுக்கவில்லை. “இன்ஜினை ஆர்.சி.யில் ஏத்திட்டுச் சொல்லுங்க, வாங்கிக்கிறேன்” என்று விற்பவரிடம் போனில் சொல்லிவிட்டார். வண்டியின் மேல் அவருக்கு ஆசை குறையவில்லை. ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்காகக் கேட்ட கூடுதல் விலை மட்டும்தான் மிச்சம்.