வீட்டாரைக் கடிக்கும் காவல்நாய்

இராஜபாளையம் என்றதும் வெளியூரார் நம்மிடம் முதலில் கேட்பது நூற்பாலைகளைப் பற்றியன்று, நாயைப் பற்றியே. வெண்ணிற மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அந்த நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டில் தபால்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. வளர்த்தவர் கைக்கு அது அடங்கும். அயலான் காலடி ஓசை கேட்டால் பொறுக்காது. அத்தகைய காவலன் மதிமயங்கி வீட்டுப் பிள்ளையையே கடிக்கத் தொடங்கினால் என்ன செய்வது? கொன்றுவிட்டால் கள்வனுக்குக் கதவு திறந்துவிடும்; விட்டுவைத்தாலோ பிள்ளைக்கு ஆபத்து. வேண்டியது அதன் கழுத்துவாரைப் பிடித்து அடக்கும் ஒரு கை.

நமது உடலுக்குள்ளும் இதே சிக்கல் உண்டு. கிருமிகளைக் கொல்லப் பழகிய டி அணுக்கள் எனும் வெள்ளணுக்கள் சிலரிடத்தில் தம் வீட்டையே தாக்குகின்றன. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அவை அழித்துவிடும்போது வருவதுதான் குழந்தைகளைப் பெரிதும் பற்றும் முதல்வகை நீரிழிவு. இனிப்பு மிகுதியாகத் தின்றதால் வருவது அன்று இது. ஊரார் அப்படிச் சொல்லிப் பெற்றோரைக் குத்துவது வேதனைக்குரியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்துச் சிறுமிக்கு இந்நோய் வந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் பால்கோவாக் கடைகள். விறகடுப்பில் பால் சுண்டும் மணத்தைக் கடந்து அவள் நாள்தோறும் நடக்க வேண்டும். நாளுக்கு நான்கு முறை ஊசி. 2025 அக்டோபரில் மருத்துவ நோபல் பரிசுச் செய்தி நாளிதழில் வந்த வாரம், அவளுடைய தாய் நம்மைத் தேடி வந்தார்.

“சார், இந்த நோபல் பரிசு வாங்குன மருந்து நம்ம பிள்ளைக்கு வருமா? ஒரு ஆஸ்பத்திரில செல்லு ஏத்துனா ஊசியே வேண்டாம்னு சொல்றாங்க. தோட்டத்தை வித்துறலாம்னு இருக்கோம்.”

தோட்டம் என்றது மேற்குமலை அடிவாரத்தில் அவர்களுக்கிருந்த ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு. வேறு சொத்து அவர்களுக்கு இல்லை. ஆகவே செய்தியை முழுவதும் படித்தறிந்த பின்னரே விடை கூறுவதென்று முடிவு செய்தோம்.

பரிசு பெற்றவர் மூவர்: ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்கரான மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல். பிறந்து மூன்றாம் நாளில் தைமஸ் சுரப்பியை நீக்கிய எலிகளின் உடல் தன்னையே தாக்கிக்கொள்வதையும், நலமுள்ள எலியின் டி அணுக்களைச் செலுத்தினால் அத்தாக்குதல் தடுக்கப்படுவதையும் கண்டு சகாகுச்சி வியந்தார். அப்படியானால் தாக்கும் அணுக்களுக்கிடையே தடுக்கும் அணுக்களும் இருக்க வேண்டும். அக்காலத்தில் அறிஞர் பலர் இக்கருத்தைக் கைவிட்டிருந்தனர், அவரோ விடவில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தேடி, 1995இல் அவ்வணுக்களை அடையாளம் காட்டினார். மற்ற இருவரும் பிறவியிலேயே தோல் உதிர்ந்து சில வாரங்களில் மடியும் ஒருவகை எலிகளை ஆராய்ந்து, ஃபாக்ஸ்பி3 என்னும் மரபணுவின் பழுதே காரணம் என்று 2001இல் கண்டனர். அதே மரபணு பழுதுற்றுப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே நீரிழிவு வருவதுண்டு. ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் உருவாவதற்கு அம்மரபணுவே ஆணிவேர் என்பது 2003இல் தெளிவாயிற்று. கழுத்துவாரைப் பிடிக்கும் கை இதுதான்.

சரி, இந்த அணுக்களை எடுத்து, பெருக்கி, மீண்டும் உடலுக்குள் செலுத்தினால் என்ன? இக்கேள்வியை எழுப்புவது எளிது. செய்வதோ பெரும்பாடு. நோயாளியின் கையிலிருந்து இரத்தம் எடுக்கிறார்கள். இரத்தத்திலுள்ள உதவி டி அணுக்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே ஒழுங்கணுக்கள். அவற்றின் மேற்பரப்பிலுள்ள அடையாளங்களைக் கொண்டு கருவியால் பிரித்தெடுத்து, உடற்சூட்டில் வைத்து, எதிர்ப்பொருள் பூசிய நுண்மணிகளால் தூண்டி, இன்டர்லூக்கின்-2 என்னும் ஊட்டத்தை ஏராளமாகக் கொடுத்து, ஏறத்தாழ இரண்டு வாரம் வளர்க்கிறார்கள். இலட்சங்களாக இருந்தவை கோடிகளாகின்றன.

இடர் இங்கேதான். பிரிக்கும்போது தப்பிப் புகுந்த தாக்கும் அணுக்கள் சில அதே ஊட்டத்தை உண்டு, இவற்றை விட விரைந்து பெருகும். நற்செய்தி உவமையில் வரும் வீட்டுத்தலைவர் களைகளை அறுவடை வரை விட்டுவைக்கச் சொன்னார். இந்த வயலில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை, அறுவடையையே நோயாளியின் நரம்பில் ஏற்றப் போகிறார்கள் அல்லவா! ஆகவே ரப்பாமைசின் என்னும் மருந்தைச் சேர்த்துக் களையை ஒடுக்குவோர் உண்டு. அதனினும் நுட்பமான இடர் ஒன்று: நல்ல ஒழுங்கணுவே பலமுறை பிரிந்து பெருகுகையில் ஃபாக்ஸ்பி3 இயக்கத்தை இழந்து, தாக்கும் அணுவாக மாறிவிடக்கூடும். எண்ணிக்கை பெருகியதா என்று பார்ப்பது போதாது. இயல்பு நிலைத்ததா என்றும் சோதித்தாக வேண்டும்.

மனிதரிடம் செய்த ஆய்வுகள் என்ன காட்டின? போலந்து நாட்டு கிதான்ஸ்க் நகர மருத்துவர்கள் வளர்த்த ஒழுங்கணுக்களைக் குழந்தைகளுக்குச் செலுத்தியதை 2012இல் அறிவித்தார்கள். சிலருக்கு இன்சுலின் தேவை குறைந்தது. அமெரிக்காவில் 14 பேரிடம் செய்த ஆய்வு 2015இல் வெளியாயிற்று. பெருந்தீங்கு நேரவில்லை, செலுத்திய அணுக்களில் ஒரு பகுதி ஓராண்டுக்குப் பின்னும் தென்பட்டது. ஆனால் 2016இல் தொடங்கி 110 இளையோரிடம் நடத்திய பெரிய ஆய்வில், அணுக்கள் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இன்சுலின் சுரப்பில் வேறுபாடு காணப்படவில்லை. கணையத்தைக் குறிவைத்துச் செல்லும்படி அணுக்களை மாற்றியமைக்கும் முயற்சிகள் இப்போது நடக்கின்றன.

நம்மவர் சிலருக்கு இது கருவை அழித்துச் செய்யும் சிகிச்சையோ என்ற ஐயம் எழலாம். இல்லை, நோயாளியின் சொந்த இரத்தமே மூலப்பொருள். கொடுப்பவருக்குப் பெருந்தீங்கின்றி வளர்ந்த உடலிலிருந்து எடுக்கும் அணுக்களைத் திருச்சபை 2008ஆம் ஆண்டுப் போதனையிலும் தடுக்கவில்லை.

அணு வளர்க்கும் கைத்திறன் நம் மாநிலத்துக்குப் புதிதும் அன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் புற்றுநோயைத் தாக்கும் டி அணுக்களை மருத்துவமனைக்குள்ளேயே ஏறத்தாழ ஒன்பது நாள்களில் உருவாக்கி நோயாளிகளுக்குச் செலுத்திய ஆய்வின் முடிவுகள் 2025இல் வெளிவந்தன. அவை தாக்கப் பழக்கிய அணுக்கள். நமக்கு வேண்டியவையோ தடுக்கும் அணுக்கள்.

அந்தத் தாய் கொண்டுவந்த துண்டறிக்கையை வாங்கிப் படித்தோம். அதில் ஒழுங்கணு பற்றி ஒரு சொல்லும் இல்லை, குருத்தணு என்றிருந்தது. எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற இரத்தநோய்ச் சிகிச்சை நீங்கலாக, குருத்தணுச் சிகிச்சை எதுவும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளதென்றும், அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதனைக் கொடுக்கலாகாதென்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. ஆய்வுக்கு உட்படுபவரிடம் அதற்குப் பணம் வாங்குவதும் முறையன்று. துண்டறிக்கையின் கடைசி வரியிலோ கட்டணம் தவணையிலும் செலுத்தலாம் என்றிருந்தது.

“தோட்டத்தை விற்க வேண்டாம், அம்மா” என்றோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. “அப்போ நெசமான மருந்து வர எத்தனை வருசம் ஆகும் சார்?” என்றார். ஆண்டுக் கணக்குச் சொல்ல நம்மால் இயலவில்லை. ஆய்வுகள் நடப்பதை மட்டும் சொன்னோம். தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மதிய ஊசிக்கு நேரமாகிறது என்று எழுந்தார்.