ஒத்தக் கட்டு

மக்காச்சோளம் அடிச்சு மூட்டை கட்டி முடிக்கவும், எங்க ஊர் பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா வரவும் சரியா இருந்துச்சு. ஏழாவது படிக்கிற எம் பொண்ணு ஒயிலாட்டத்துல இருக்கா. "அப்பா, நாலு மணிக்கே ஒத்திகை, வந்துடு"ன்னு ஒரு வாரமா நச்சரிப்பு. பெரம்பலூர் கமிட்டில மூட்டைய இறக்கிட்டு, கையைக் கூட கழுவாம நேரா பள்ளிக்கூடத்துக்கு வண்டிய விட்டேன்.

திறந்தவெளி மேடை. முன்பக்கம் ரெண்டு இரும்புத் தூண், குறுக்கே 12 அடி உயரத்துல ஒரு பைப்பு, அதுல எட்டு பார் லைட்டு. முன்ன மாதிரி ஹாலஜன் இல்ல, எல்.இ.டி.தான். ஆனாலும் ஒண்ணொண்ணும் மூணு கிலோ இருக்கும். அதுக்குக் கீழ பதினாறு பிள்ளைங்க வரிசையா நிக்குதுங்க.

பாட்டு ஓட ஆரம்பிச்சுது. பாக்ஸ் அதிர்ற அதிர்வுல மூணாவது லைட்டு மெதுவா தலைய ஆட்டுச்சு. அடுத்த நிமிஷம் கிளாம்ப் கழண்டு பொசுக்குன்னு கீழ வந்து, தன்னோட கரண்டு வயர்லயே தொங்கி ஆடுச்சு. பிள்ளைங்க சிரிச்சுதுங்க. எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. நடுவுல நின்னது எம் பொண்ணு.

லைட்டு கட்டுன தம்பி ஓடி வந்தான். "ஒண்ணும் ஆவாதுண்ணே, மரை கொஞ்சம் லூசு. கட்டுக்கம்பி போட்டு முறுக்கிடறேன்" என்றான். அவனையும் குத்தம் சொல்ல முடியல. விழாக் காலம், ஒரே ராத்திரியில மூணு ஊர்ல வேலை.

"தம்பி, உங்க வீட்ல போர் மோட்டாரு எப்படி இறக்குவீங்க?"ன்னு கேட்டேன்.

"பைப்புல கோத்து, கூடவே ரோப் கட்டித்தாண்ணே."

"அப்ப இதுக்கு ஏன்டா ரோப் இல்ல?"

அவன் பேசல.

நகரத்துல இருக்குற நண்பர்களுக்காகச் சொல்றேன். எங்க காட்டுல போர் 600 அடி. மோட்டாரைப் பைப்புல மாட்டி இறக்கும்போது, தனியா ஒரு கயிறோ வயர் ரோப்போ மோட்டார் தலையில கட்டி, மேல கொண்டாந்து கட்டி வைப்போம். என்னைக்காவது பைப்பு மரை விட்டுப்போச்சுன்னா ரோப் தாங்கிக்கும். இல்லன்னா மோட்டாரும் போச்சு, போரும் போச்சு. கரண்டு கேபிள் தாங்கும்னு நம்பி எவனும் மோட்டார இறக்க மாட்டான். மோட்டாருக்கே ரெண்டு கட்டு போடுறோம், பிள்ளைங்க தலைக்கு மேல ஒத்தக் கட்டா?

எச்.எம். டீச்சர்கிட்ட சொன்னேன். அவங்க உடனே ஒத்திகைய நிறுத்திப் பிள்ளைங்களை மரத்தடிக்கு அனுப்பிட்டாங்க. நான் வீட்டுக்குப் போய், மோட்டார் இறக்குனதுல மிச்சமிருந்த 4 எம்.எம். வயர் ரோப்பையும் யு கிளாம்பையும் எடுத்தாந்தேன். அஞ்சு லைட்டுக்குத்தான் வந்துச்சு. மீதி மூணுக்கு மாட்டுச் சங்கிலியக் கழட்டிக்கிட்டு வந்தேன்.

மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் ஏணியில ஏறுனோம். ரோப்ப லைட்டோட உடம்புல இருக்குற வளையத்துல கோத்து, நேரா பைப்பைச் சுத்திக் கட்டுனோம். கிளாம்புல கட்டுனா பிரயோஜனம் இல்ல, கிளாம்ப் விட்டா ரோப்பும் கூடவே வந்துடும். தொங்கலும் விடக்கூடாது. தொங்கல் விட்டா, லைட்டு விழுற வேகத்துல வெடுக்குன்னு இழுத்து ரோப்பே அறுந்தாலும் அறுந்துடும். 12 அடியிலேர்ந்து விழுற பொருள் தரைக்கு வரும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் இருக்கும். சங்கிலிய மாட்டுக்குப் போடுற மாதிரி கொக்கியில விடல, போல்ட் நட்டு போட்டு இறுக்குனோம். கடைசியா அந்தப் பைப்பையே ரெண்டு தூண்லயும் தனியா ஒரு கட்டு கட்டுனோம். லைட்டு மட்டுந்தான் விழும்னு யாரு சொன்னா?

2020 பிப்ரவரி 19 ராத்திரி, சென்னைக்குப் பக்கத்துல 'இந்தியன் 2' படப்பிடிப்புல, பெரிய விளக்குகளைத் தூக்கி நின்ன கிரேன் சாஞ்சு மூணு பேர் செத்துப்போனாங்க. கோடிக்கணக்குல செலவு பண்ற இடத்துலயே அப்படி. 2004 ஜனவரியில ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்துல கீத்துக் கொட்டகை பத்தி எரிஞ்சு 50 பேருக்கு மேல போனதை எங்க பக்கம் இன்னும் யாரும் மறக்கல. வீடியோ எடுக்க இழுத்த கரண்டுலதான் தீ பிடிச்சுதுன்னு அப்ப பேச்சு. அதனால ஹாலஜன் வெச்சிருக்குற ஊர்க்காரங்க ஒண்ணு கவனிக்கணும். அந்தச் சூட்டுக்கு நைலான் கயிறு உருகிடும், அங்க இரும்புதான். கீத்து, துணி, தோரணம் எதுவும் பக்கத்துல வரக்கூடாது.

எல்லாம் முடிய ஆறரை ஆயிடுச்சு. விழா அரை மணி நேரம் தள்ளிப்போச்சு, ஒருத்தரும் கோவிச்சுக்கல. ஒயிலாட்டத்துக்குக் கைதட்டல் அடங்க நேரமாச்சு. நான் பாதி நேரம் ஆட்டத்தப் பாத்தேன், பாதி நேரம் மேலயே பாத்துக்கிட்டு இருந்தேன். மாடுங்க அன்னைக்கு ராத்திரி கயித்துலதான் நின்னுச்சுங்க. ஒண்ணு அவுத்துக்கிட்டுப் போய் பக்கத்துக் கொல்லைப் பருத்திய மேஞ்சுட்டு வந்துச்சு, அந்தப் பஞ்சாயத்த அப்புறம் எழுதறேன்.

மறுநாள் அந்தத் தம்பி போன் பண்ணான். "அண்ணே, அந்த ரோப் எந்தக் கடையில வாங்குனீங்க?"ன்னு கேட்டான். சொன்னேன்.

உங்க பிள்ளைங்க ஆண்டு விழாவுக்குப் போனா, செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ மேல பாருங்க. ஒவ்வொரு லைட்டுக்கும் ரெண்டாவது கட்டு இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா, கட்டுற வரைக்கும் பிள்ளைய மேடையில ஏத்தாதீங்க.