இரண்டு மொழியில் ஒரு பூசை

மடு,
ஆகஸ்ட் 16

அன்புள்ள நண்பா,

நேற்றோடு மடு மாதா திருவிழா முடிந்தது. சுற்றிலும் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். லாரிகளில் பாய், பானை, விறகு, தூங்கும் குழந்தை எல்லாம் ஏறுகின்றன. காட்டு மரத்தடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோயில் முற்றத்து மண்ணைக் கொஞ்சம் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். பாம்புக்கடிக்கு மருந்து என்று இங்கே எல்லாரும் எடுத்துப் போகிறார்கள். உன் அம்மாவுக்குக் கொடுக்கலாம்.

புறப்படும்போது நீ ஒரு வேலை சொல்லி அனுப்பினாய்: "சிங்களக் கிறிஸ்தவர்களும் தமிழ்க் கிறிஸ்தவர்களும் இலங்கையில் எப்படித்தான் ஒன்றாக இருக்கிறார்கள், பார்த்துவிட்டு வந்து பங்குப் பேரவையில் சொல்." தூத்துக்குடிக்கு வந்து சொல்லும்வரை மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கொழும்பிலிருந்து தொடங்குகிறேன். அங்கே ஒரு கோயில். ஞாயிறு காலை முதலில் தமிழ்ப் பூசை, அது முடிந்ததும் சிங்களப் பூசை. தமிழ்ப் பூசை முடிந்து வாசலுக்கு வந்தேன். வெளியே வருகிறவர்கள் இடப்பக்கம், உள்ளே போகிறவர்கள் வலப்பக்கம். அதே பெஞ்சு, அதே பீடம், அதே நற்கருணைப் பேழை. ஆனால் அந்த வாசலில் யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் சுளிக்கவில்லை, பகை இல்லை, வழிகூட மரியாதையாகத்தான் விட்டுக்கொண்டார்கள். இருபது வருடமாக இப்படியே கடந்து போகிறவர்கள் அவர்களில் இருப்பார்கள். பூசைக்குப்பின் பங்குத் தந்தையிடம் இதைச் சொன்னேன். "பங்கு ஒன்றுதான், ஆனால் சபை இரண்டு" என்றார். அவர் முகத்தில் இருந்த வருத்தம் எனக்குள் தங்கிவிட்டது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பார். இந்த நாட்டில் பௌத்தர்கள் பெரும்பாலும் சிங்களர், இந்துக்கள் பெரும்பாலும் தமிழர். கிறிஸ்தவர்களில் மட்டும்தான் இரண்டு இனத்தவரும் பெருமளவில் இருக்கிறார்கள். 2012 கணக்கெடுப்பில் மொத்த மக்களில் 7.6 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் இரு இனத்தாரும் ஒரே பீடத்தின்முன் முழந்தாளிட முடிகிற பாக்கியம் இவர்களுக்குத்தான் வாய்த்திருக்கிறது. அந்தப் பாக்கியத்தை உள்நாட்டுப் போர்க்காலத்தில் இவர்கள் முழுதாகக் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தெற்கின் கோயில்களில் படைவீரர்களுக்காக மெழுகுவர்த்தி எரிந்தது, வடக்கின் கோயில்களில் காணாமல் போனவர்களுக்காக எரிந்தது. மன்றாடியது ஒரே மாதாவிடம். ஆனால் இந்தப் பக்கத்து மன்றாட்டு அந்தப் பக்கத்துக்குக் கேட்கவே இல்லை.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை போனேன். தமிழர், சிங்களர், இந்துக்கள், பௌத்தர்கள் என்று வாசலே தெரியாத கூட்டம். 2019 உயிர்ப்பு ஞாயிறன்று, ஏப்ரல் 21-இல், இங்கேயும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. கட்டுவாப்பிட்டியில் பெரும்பாலும் சிங்களக் குடும்பங்கள். மட்டக்களப்பில் தமிழர்கள், அதிலும் ஞாயிறு பள்ளி முடித்து வந்த பிள்ளைகள். கொச்சிக்கடையில் இரு இனத்தாரும். அந்தச் சாவு வீடுகளில் மொழி பார்க்காமல் ஒருவருக்கொருவர் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று அங்கே மெழுகுவர்த்தி விற்கும் அம்மா சொன்னார். ஆனால் சேர்ந்து அழுவதற்கு ஒரு குண்டு வெடிக்க வேண்டுமா நண்பா?

நீர்கொழும்பில் ஒரு நாள்தான் இருந்தேன். அங்கே கடற்கரையில் பெயர்ப் பலகைகளைப் பார்த்தால் நம் ஊருக்கே வந்துவிட்டது போலிருக்கும். எங்கு பார்த்தாலும் ஃபெர்னாண்டோ, பெரேரா, கோஸ்தா. நான் தமிழ் பேசுவதைக் கேட்டு, வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நிமிர்ந்தார். வீட்டில் சிங்களம்தான், ஆனால் பாட்டி சொல்லிக்கொடுத்த மங்கள வார்த்தை செபம் மட்டும் தமிழில் ஞாபகம் இருக்கிறது என்றார். முழுதாகச் சொல்லிக் காட்டினார். பேரன் சிரித்தான், அவனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இந்தக் கரையோரத்தில் சில தலைமுறைக்கு முன்வரை தமிழில் செபித்த குடும்பங்கள் ஏராளம். பள்ளிக்கூட மொழி மாறியது, வீட்டு மொழியும் மாறியது. இனம் என்று நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது இரண்டு தலைமுறையில் இப்படி மாறிப்போகிறது.

சொற்களைப் பார்த்தால் இன்னும் வியப்பு. கோயிலுக்குச் சிங்களத்தில் 'பல்லிய'. நம் 'பள்ளி'தான் அது. நாம் சுரூபம் என்பதை அவர்கள் 'சுருவம' என்கிறார்கள். பூசை அவர்களுக்குப் 'பூஜாவ'. இவ்வளவு அருகில் இருந்துகொண்டா பேசாமல் கடந்து போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கண்டிக்கு ரயில் ஏறினேன்.

கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவை. அங்கேதான் இலங்கை இறையியல் கல்லூரி இருக்கிறது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, பாப்டிஸ்ட் சபைகள் சேர்ந்து 1963-இல் தொடங்கியது. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்து, 1958-இல் கலவரமும் நடந்து முடிந்திருந்த காலம். நாடே மொழியால் பிளந்துகொண்டிருந்தபோது, தமிழ்ப் போதகரும் சிங்களப் போதகரும் ஒரே வளாகத்தில் தங்கி, அவரவர் மொழியில் படித்து, ஒரே சாப்பாட்டு அறையில் சாப்பிட வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். 1983 கலவரத்தின்போதும் போரின் கடைசி மாதங்களிலும் இதே சாப்பாட்டு அறையில் இரு தரப்பு மாணவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் சாப்பிட்டிருக்க வேண்டும். அதை நினைத்துப் பார்த்தபோது என் தட்டில் சோறு இறங்கவில்லை.

காலை வழிபாட்டில் ஒரு சிங்கள மாணவர் வேதபாடத்தைத் தமிழில் வாசித்தார். 'வாழ்வு' என்ற சொல் வந்ததும் நின்றார். 'வால்வு' என்றார், திரும்ப முயன்றார், 'வாள்வு' என்றார். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து மாணவர் மெல்ல 'ழ' என்று காதில் சொன்னார். இவர் நாக்கை மடித்து, அப்படியே ஒரு நொடி வைத்திருந்து, சரியாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த பாடத்தைச் சிங்களத்தில் வாசித்தவர் அதே யாழ்ப்பாணத்து மாணவர். இப்போது அவர் தடுக்கினார், மற்றவர் எடுத்துக்கொடுத்தார். பத்து நாளில் நான் கேட்ட நல்ல பிரசங்கம் அதுதான்.

அங்கே நூலகத்தில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெயர் வந்துகொண்டே இருந்தது: லக்ஷ்மன் விக்கிரமசிங்க. குருநாகல் ஆங்கிலிக்கன் பேராயர், சிங்களர். 1983 ஜூலையில் தமிழர்கள்மீது வன்முறை நடந்தபோது இதய நோய்க்காக இங்கிலாந்தில் இருந்தார். திரும்பி வந்து, உடம்பைப் பொருட்படுத்தாமல் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார். செப்டம்பரில் தம் மறைமாவட்டத்தாரிடம் பேசும்போது, நடந்ததற்குச் சிங்களர் என்ற முறையில் நாம் வெட்கப்பட வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற பொருளில் சொன்னார். அக்டோபரில் இறந்துபோனார். அடித்தவர்களின் தரப்பில் பிறந்த ஒருவர் தம் மக்களிடமே இதைச் சொல்வது எவ்வளவு கடினம்! ஒற்றுமை என்று மேடையில் பேசுகிறவர்கள் பலர். அதற்காகத் தம் ஆட்களிடம் கெட்ட பெயர் வாங்கத் துணிந்தவர்களைத்தான் நான் நம்புகிறேன்.

இனி மடுவுக்கு வருகிறேன். இந்த மாதா அகதியாக வந்தவள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில், 1670-இல், மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு இந்தக் காட்டுக்கு வந்தன. பௌத்தரான கண்டி அரசரின் எல்லைக்குள் ஒளிந்து பிழைத்தன. குருக்களே இல்லாமல் கிடந்த இந்த மக்களைத் தேடி 1687-இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் வந்தார். நம் தூத்துக்குடிக்கு வந்து, பிச்சைக்காரர் வேடத்தில்தான் கடல் தாண்டினார் என்பது உனக்குத் தெரியும். தாய்மொழி கொங்கணி. ஆனால் தமிழும் கற்றார், சிங்களமும் கற்றார். அவருக்குப்பின் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இரண்டு மொழியிலும் நூல்கள் எழுதினார். 2015 ஜனவரி 14 காலையில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே இங்கே மடுவுக்கு வந்தார். அந்த வரிசையின் பொருள் இங்கே வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இந்தத் திருச்சபையை மறுபடி எழுப்பியவர் இந்த இரண்டு இனத்தையும் சேராதவர், ஆனால் இரண்டு மொழியையும் கற்றவர்.

போரில் மடுவும் தப்பவில்லை. 1999 நவம்பரில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மீது எறிகணை விழுந்து சுமார் 40 பேர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சுரூபத்தையே தேவன்பிட்டிக்கு எடுத்துப்போக வேண்டி வந்தது. முந்நூறு வருடத்துக்குப்பின் மாதா மறுபடி அகதியானாள்.

திருவிழாவுக்கு முந்திய மாலை, பாவசங்கீர்த்தனத்துக்கு மரத்தடிகளில் நாற்காலி போட்டுக் குருக்கள் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் என்று எழுதிய அட்டை இருந்த இடத்தில் தமிழர் வரிசை, சிங்களம் என்று இருந்த இடத்தில் சிங்களர் வரிசை. ஒரு இளம் குருவின் அட்டையில் மட்டும் இரண்டும் இருந்தன. அங்கிருந்து எழுந்து வந்த முல்லைத்தீவுப் பக்கத்து அம்மா ஒருவர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். "சாமி சிங்களவர் தம்பி. தெரியாமப் போய் இருந்திட்டன்" என்றார். பிறகு, "எண்டாலும் அவருக்கு எல்லாம் விளங்கினது. மெதுவாச் சொல்லுங்கோ அம்மா எண்டவர். மகன்ட பேரைத் திருப்பிச் சொல்லிக் கேட்டவர். சரியாத்தான் சொன்னவர்." மகன் 2009-இல் காணாமல் போனவன். அந்தப் பெயரை ஒரு சிங்களவர் வாயால் சரியாகக் கேட்டது இதுதான் முதல் தடவை என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து எனக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

இரவு அந்தக் குருவைத் தேடிப்போனேன். வவுனியாப் பக்கம் உதவிப் பங்குத் தந்தையாக இருந்தபோது ஒரு சாவு வீட்டுக்குப் போனாராம். செபத்தைப் புத்தகத்தைப் பார்த்து வாசித்துவிட்டார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டிருக்கிறார். பதில் சொல்ல ஒரு சொல் இல்லை. அடுத்த நாளே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் படிக்கத் தொடங்கினாராம். "பூசைக்குத் தமிழ் ஆறு மாதத்தில் வந்துவிட்டது. சாவு வீட்டுக்குத் தமிழ் மூன்று வருடம் ஆயிற்று" என்றார்.

நண்பா, நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். இங்கே இவர்கள் இன்னும் ஒன்றாகவில்லை. ஆனால் எங்கெல்லாம் ஒருவர் உட்கார்ந்து மற்றவர் மொழியைக் கற்றாரோ, அங்கெல்லாம் ஒன்றாகியிருக்கிறார்கள்.

நம் பங்கிலும் ஞாயிறு இரண்டாம் பூசையில் கடைசித் தூணருகே ஜார்க்கண்ட், ஒடிசாப் பையன்கள் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். கட்டட வேலைக்கும் மீன் கம்பெனிக்கும் வந்தவர்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள்தான். 'வடக்கன்' என்று சொல்லிக் கடந்து போகிறோம். ஒருவன் பெயராவது நமக்குத் தெரியுமா? வடக்கன்குளம் கோயிலில் சாதிக்காகக் கட்டிய சுவரை 1910-இல் இடித்தார்கள். நம் கோயிலில் சுவரே கட்டாமல் அவர்களைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறோம்.

நான் வர இன்னும் எட்டு நாள் ஆகும். அதற்குள் வருகிற ஞாயிறு நீ போய் அவர்கள் பெயர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வை. அவர்களில் ஒருவன் முதல் வாசகத்தை இந்தியில் வாசிக்க ஃபாதரிடம் அனுமதி கேள். இந்தி படிக்க நான் உன்னோடு உட்காருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்