சவர்க்கார நுரையும் கடுகளவு வண்டும்

பெப்ரவரி 8, ஞாயிறு

இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஓடை. மழை கண்டு நாளாகிவிட்டதால் கல்லெல்லாம் வெளியே தெரிகிறது. இன்று பிரட்டு (வேலைக்கு ஆள் திரட்டல்) இல்லை. தொழிலாளர் லயத்துப் பெண்கள் உடுப்பு மூட்டையோடு இறங்கிவிட்டார்கள். துவைக்கும் கல்லுக்குச் சற்று மேலே, நீர் சலசலக்கும் இடத்தில் ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் கடுகளவு கறுப்புப் புள்ளிகள் ஊர்கின்றன. எல்மிடே குடும்பத்து நீர்வண்டுகள். பெரும்பாலும் இரண்டு, மூன்று மில்லிமீற்றர்தான்.

தண்ணீரிலேயே குடியிருக்கும் இந்த வண்டுக்கு நீந்தத் தெரியாது! கூர்நகத்தால் கல்லைப் பற்றிக்கொண்டு, பாசியையும் மட்கிய இலையையும் சுரண்டித் தின்கிறது.

பெப்ரவரி 10

குளத்து நீர்வண்டுகள் பல மூச்செடுக்க மேலே வந்து போகும். இந்த ஓடை வண்டுக்கு அந்த அலைச்சல் இல்லை. உடலில் நெருக்கமாக முளைத்த, நீர் ஒட்டாத நுண்மயிர்கள் மெல்லிய காற்றுப் படலம் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. நீரில் கரைந்த ஒட்சிசன் அதற்குள் ஊறி வந்துகொண்டே இருக்கும். ஓட்டம் குறையாத, தெளிந்த நீர் வேண்டியிருப்பது இதனால்தான்.

சவர்க்காரம் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. அது கூடினால் மயிர்களுக்கிடையே நீர் புகுந்து படலம் குலையும். வண்டு மூச்சுமுட்டிச் சாகும். களைக்கொல்லி இலையில் ஒட்டிப் பரவுவதற்காகக் கலக்கும் பொருட்களுக்கும் இதே குணம் உண்டு. இலங்கை 2015 இல் கிளைபோசேற் என்ற களைக்கொல்லியைத் தடைசெய்து, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியது. அந்த வாக்குவாதத்தில் சிறுநீரக நோயும் விளைச்சலும் அடிபட்ட அளவுக்கு ஓடை அடிபடவில்லை.

மே 24

மழை பிடித்துவிட்டது. ஓடை செம்மண் நிறத்தில் போகிறது. தேயிலைச் சரிவின் மண்ணும், மாணிக்கக் குழிகளில் கல் கழுவிய சேறும் கல்லிடுக்குகளை அடைத்துவிடும். வண்டின் புழு நீரில் வளர்ந்தாலும், கூட்டுப்புழுவாவதற்குக் கரையேறி ஈரமண்ணில்தான் ஒதுங்கும். விளிம்புவரை தேயிலை நட்டு, கரை சரிந்த இடத்தில் எங்கே ஒதுங்குவது?

இந்த வண்டுகளையும் ஒரு காலத்தில் தேடி வந்தார்கள். வியன்னாப் பல்கலைக்கழகமும் களனியிலிருந்த வித்தியாலங்காரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1970 இல் இலங்கையின் மலை ஓடைகளை ஆராய்ந்தன. கிடைத்த வண்டுகளை வைத்து 1973 இல் டெலேவ் என்ற ஆய்வாளர் இலமெல்மிஸ், தப்ரோபனெல்மிஸ் ஆகிய பேரினங்களை விவரித்தார்.

மே 25

நுரையைக் கண்டதும் துவைக்கும் பெண்களைக் குறை சொல்வது சுலபம், நியாயமில்லை. லயத்துப் பீலியில் தண்ணீர் ஒழுங்காக வந்தால் மூட்டையைச் சுமந்துகொண்டு ஏன் இறங்கப்போகிறார்கள்? பீலிக்குத் தண்ணீர், துவைத்த நீர் மண்ணில் ஊற ஒரு குழி, ஓடைக்கரையில் தேயிலையை விட்டுக்கொடுத்துக் காட்டுமரம் - மூன்றும் தோட்ட நிர்வாகம் செய்ய வேண்டிய செலவு. இது இரத்தினபுரியோடு முடிகிற கதையல்ல: கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டைப் பக்கத்து ஓடைகள் களனி கங்கையில் சேர்கின்றன. அந்தக் கங்கையின் நீரைத்தான் கொழும்பு குடிக்கிறது. கொழும்புக்காரர்களும் சேர்ந்து கேட்கட்டும்.