குளிர்நாட்டிற் கண்ட கொதிகலன்

பனி என்றதும் யாழ்ப்பாணத்தார் மனத்தில் எழுவது மார்கழி மாதத்து விடியற்காலையாகும். பனையோலை நுனியில் துளித்து நிற்கும் நீர், திருவெம்பாவை நாட்களில் வீதியிற் கேட்கும் சங்கொலி, போர்வையை விட்டெழ மனமில்லாத சிறுவர், அவரை எழுப்பும் அன்னையர் — இவ்வளவே எமது பனிக்காலம். வீட்டைச் சூடாக்குதல் எம்மவர்க்கு வேண்டப்படாத காரியம். வெப்பத்தைத் தணித்தற்கே எம் முன்னோர் ஓலை வேய்ந்தனர், திண்ணை வைத்தனர், முற்றத்தில் வேம்பு நாட்டினர். இன்றோ எம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழ்கின்றனர். அவர்கட்கு வீட்டின் வெப்பம் உணவும் உடையும் போன்றதொரு முதன்மையான தேவை. இம்மலரைக் குளிர்நாட்டிலிருந்து புரட்டும் அன்பர்க்கு யாம் கூறப்போகும் செய்தி புதிதன்று. இங்குள்ள மாணவர்க்கு அது பயன்படக்கூடும் என்று கருதியே இதனை எழுதுகின்றோம்.

2010ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் யாம் இலண்டன் சென்றிருந்தோம். எமது தமக்கையார் அந்நகரின் கிழக்கே ஈஸ்ற் ஹாம் என்னும் பகுதியில் வாடகை வீடொன்றிற் குடியிருந்தார். அவர்க்குப் பெண் மகவு பிறந்து, 31ஆம் நாள் துடக்குக்கழிவு முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. பிள்ளைப்பேறு பார்ப்பதற்காக முன்னரே சென்றிருந்த எம் அன்னையாரை உடனழைத்து வருதலே எமது பயணத்தின் நோக்கம். நூறாண்டுக் காலத்திற் பிரித்தானியா கண்ட மார்கழிகளுள் மிகக் குளிர்ந்தது அவ்வாண்டு மார்கழி. 18ஆம் திகதி சனிக்கிழமை பொழிந்த வெண்பனியால் ஹீத்ரோ விமான நிலையமே மூடப்பட்டது. மறுநாட் காலை யாம் கண்விழித்தபோது வீடு கல்லறை போற் குளிர்ந்து கிடந்தது. அடுக்களைச் சுவரிற் பொருத்தப்பட்டிருந்த கொதிகலன் "களகள" என்று ஒருமுறை ஒலித்துப் பின் அடங்கிவிட்டது. அதன் முகப்பிற் செந்நிற விளக்கொன்று மாத்திரம் மின்னிக்கொண்டிருந்தது.

அந்நாட்டு வீடுகளைச் சூடாக்கும் முறையை இவ்விடத்திற் சிறிது விளக்குதல் தகும். நிலத்தின் கீழுள்ள குழாய் வழியே பெரும்பாலான வீடுகளுக்கு எரிவாயு வருகின்றது. அவ்வாயு கொதிகலனுள் எரிந்து நீரைச் சூடாக்கும். சூடேறிய நீரைச் சிறு பம்பியொன்று அறைதோறும் உள்ள இரும்புப் பலகைகளினூடே செலுத்தும். ரேடியேற்றர் எனப்படும் அப்பலகைகளில் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீர் மீண்டும் கொதிகலனையே வந்தடையும். உடலிற் குருதி சுற்றிவருதல் போன்றது இச்சுற்று. சுவரிலுள்ள வெப்பக்காவல் கருவி, அறை போதிய அளவு சூடேறியதும் அடுப்பை அணைத்து, குளிர்ந்ததும் மீண்டும் மூட்டும்.

எரிவாயுவில் மிகுதியாயுள்ளது மெதேன் என்பதும், அது எரியும்போது காபனீரொட்சைட்டோடு நீராவியும் தோன்றும் என்பதும் விஞ்ஞானம் பயிலும் மாணவர் அறிவர். பழைய கொதிகலன்கள் அந்நீராவியைப் புகைபோக்கி வழியே வீணே போக்கின. புதியவையோ அதனைக் குளிர்வித்து நீராக்கி, அதன்கண் ஒளிந்திருக்கும் மறைவெப்பத்தையும் கவர்ந்துகொள்கின்றன. எரிபொருட் சிக்கனம் கருதி, 2005ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதந் தொட்டு, சில விலக்குகள் நீங்கலாக, இங்கிலாந்தில் இத்தகைய கொதிகலன்களே புதிதாய்ப் பொருத்தப்படல் வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. இவ்வாறு ஒடுங்கிய நீர் மெல்லிய பிளாஸ்திக்குக் குழாயொன்றினூடே துளித்துளியாக வீட்டின் புறத்தேயுள்ள வடிகாலைச் சென்றடையும். இக்குழாயை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் தொலைபேசியை எடுத்தாரில்லை. அத்தான் அழைத்த நிறுவனங்களெல்லாம் மூன்று நாள், நான்கு நாள் என்று தவணை கூறின. நகரெங்கும் இதே முறைப்பாடு என்றனர். முதிர்ந்தோர் மேற்சட்டையை மேல்மேலும் அணிந்து பொறுத்துக்கொள்ளலாம். பிறந்து நாற்பது நாளும் ஆகாத சிசு என் செய்யும்? குளிரால் அதன் உள்ளங்கால்கள் நீலம் பாரித்திருந்ததைக் கண்டு தமக்கையார் கண்கலங்கினார். அன்னையார் மாத்திரம் கலங்கவில்லை. எல்லோரையும் ஓரறையில் திரட்டினார். கதவிடுக்கிற் சேலையைச் செருகினார். குழந்தையைத் தம் மார்போடு அணைத்துப் போர்வையால் மூடிக்கொண்டு, "சட்டியில கொஞ்சம் தணல் போட்டு அறைக்குள்ள வையுங்கோ, ஊரில பிள்ளை பெத்த வீட்டில அப்படித்தானே செய்தனாங்கள்" என்றார். கோடையில் இறைச்சி வாட்டுதற்கென முன்னைக் குடியிருந்தோர் விட்டுச்சென்ற கரிப்பையொன்று பின்வளவிற் கிடந்தது.

தமக்கையார் அதனைத் தடுத்தார். "அம்மா, ஊரில கிடுகு வேலியும் ஓட்டு இடுக்குமாய்க் காத்து ஓடித்திரிஞ்சது. இஞ்சை பூட்டின அறைக்குள்ள தணல் வைச்சால் விடிய ஒருத்தரும் எழும்பமாட்டம்" என்றார். அது முற்றும் உண்மை. காற்றுப் போதாதவிடத்துக் கரி எரிந்தால் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு பிறக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனிலும் இருநூறு மடங்கிற்கு மேற்பட்ட வலிமையோடு பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், உறக்கம், பின்பு மீளா உறக்கம். ஒரு நாட்டில் அன்பாக இருந்த வழக்கம் மற்றொரு நாட்டில் ஆபத்தாகின்றது. வழக்கத்தின் காரணத்தை அறிந்தோரே அதனை எங்கே கொள்வது, எங்கே விடுவது என்று தெளிவர்.

நண்பகலளவில் அயலவர் ஒருவர், "எனக்குத் தெரிந்த ஆளொருவர் இருக்கிறார், இன்றைக்கே வருவார், அறுபது பவுண் காசாய்க் கொடுத்தாற் போதும்" என்றார். அத்தான் உடனே இசைந்தார். வந்தவர் இளைஞர், கையிற் திருப்புளி, நா வன்மையும் உண்டு. கொதிகலனின் மூடியைக் கழற்ற அவர் கைநீட்டியபோது, தமக்கையார் பதிவட்டையைக் காட்டுமாறு கேட்டார். வீட்டில் மறந்து வந்ததாக அவர் சிரித்தார். "இஞ்சாருங்கோ, பிள்ளை விறைக்குது எண்டதுக்காகப் பிள்ளையையே பணயம் வைக்கேலாது" என்று தமக்கையார் கணவரிடம் கூறிக் கொதிகலனுக்கு முன்னே நின்றுகொண்டார். அத்தான் சினந்தார், அன்னையார் தரை நோக்கி இருந்தார், இளைஞர் போய்விட்டார். அதன் பின்னர் மாலை வரை அவ்வீட்டில் எவரும் எவரோடும் பேசவில்லை. வெப்பம் அற்றுப்போன வீட்டில் அம்மௌனமும் ஒரு குளிராயிற்று.

தமக்கையார் கேட்ட அட்டை யாதென அறிதல் வேண்டும். ஈஸ்ற் ஹாமிலிருந்து சில மைல் தொலைவிற் கனிங் ரவுண் என்னும் இடமுண்டு. அங்கே ரோணன் பொயின்ற் என்னும் 22 மாடிக் குடியிருப்பு 1968ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. மக்கள் குடிபுகத் தொடங்கிச் சில கிழமைகளே கடந்திருந்த நிலையில், மே 16ஆம் திகதி விடியற்காலை, 18ஆம் மாடியில் ஓரம்மையார் தேநீருக்கு அடுப்பு மூட்டத் தீக்குச்சியைக் கிழித்தார். கசிந்திருந்த வாயு வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டுப்போற் சரிந்தது. நால்வர் மாண்டனர். கட்டடத்தின் அமைப்பிலும் பலவீனம் இருந்தது. ஆயினும் வாயுக் கசிவுக்குக் காரணம், அடுப்பின் இணைப்புக் குழாயைப் பூட்டியிருந்த தரங்குறைந்த பித்தளைத் திருகுசுரை ஒன்றே என்று விசாரணையிற் கண்டனர். இதன் விளைவாக, வாயுக் கருவிகளைப் பொருத்துவோரைப் பதிவு செய்யும் அமைப்பொன்று 1970இல் தோன்றிற்று. 2009 ஏப்பிரல் முதலாக அப்பணியைக் காஸ் சேஃப் என்னும் பதிவேடு ஏற்றுக்கொண்டது. பதிவு பெற்றவர் ஒவ்வொருவருக்கும் படத்தோடு கூடிய அட்டை உண்டு. அதன் பின்புறத்தில் அவர் எவ்வெக் கருவிகளைத் தொடலாம் என்பது பொறிக்கப்பட்டிருக்கும். அடுப்புக்கு உரியவர் கொதிகலனைத் தொடுதல் கூடாது. எம் நாட்டிலும் 2021ஆம் ஆண்டின் இறுதியிற் சமையல்வாயுச் சிலிண்டர்களால் வீடுகள் பலவற்றில் வெடிப்பு நிகழ்ந்ததை வாசகர் மறந்திரார். வாயுவோடு விளையாட்டில்லை.

அன்றிரவு ஏழு மணிக்குப் பதிவு பெற்ற வினைஞர் ஒருவர் வந்தார். கரீபியன் தீவிலிருந்து இளமையில் வந்து குடியேறிய கறுப்பினத்து முதியவர். அன்றைக்கு அது தமக்குப் பதினோராவது வீடு என்றார். கேட்குமுன்பே அட்டையை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார். பின்பு அவர் செய்ததுதான் எமக்கு வியப்பாயிற்று. கொதிகலனை அவர் திறக்கவில்லை. அது எவ்வாறு ஒலித்தது, எப்போது நின்றது என்று வினவினார். முகப்பிலுள்ள அமுக்கமானியை நோக்கினார்; அது 1 பாருக்குச் சற்று மேலே, குறையின்றி இருந்தது. மின்சூளை ஏந்திப் பின்வளவுக்குச் சென்றார். சுவரின் வடபுறத்தே வெறுமையாய் நீண்டு சென்ற மெல்லிய பிளாஸ்திக்குக் குழாயைக் கையுறை கழற்றி விரல்களாற் சாண்சாணாகத் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இங்கேதான்" என்றார்.

ஒடுங்கிய நீர் வெளியேறும் வழியிற் பனிக்கட்டியாய் உறைந்து குழாயை அடைத்துவிட்டது. வெளிச்செல்ல வழியில்லாத நீர் பின்வாங்கி உள்ளே தேங்கிற்று. அதனை உணர்ந்த கொதிகலன், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிட்டது. அவ்வளவே. கேத்தலிற் சூடாக்கிய நீரைக் கேட்டார். யாம் கொதிக்கக் கொதிக்கக் கொணர்ந்தபோது, கைகாட்டி நிறுத்திப் பாதியளவு பச்சைத் தண்ணீர் கலக்கச் செய்தார். "உறைந்த குழாயிற் கொதிநீரை ஊற்றினால் அது வெடித்துவிடும். இளஞ்சூடே வேண்டும், பொறுமையும் வேண்டும்" என்றார். மும்முறை ஊற்றிய பின் உள்ளே ஏதோ நழுவும் ஓசை கேட்டது. வடிகாலில் நீர் கொட்டிற்று. உள்ளே சென்று பொத்தானை அழுத்தினார்; சுவாலை பற்றிக்கொண்டது. அதன் பின்னரே புகைபோக்கியிற் கருவியொன்றைச் செருகி, வெளியேறும் வாயுவை அளந்து, எரிதல் செவ்வையாயுள்ளது என்று கண்டார். குழாய்க்கு நுரைப்பஞ்சு உறையிட்டார். செய்தவற்றைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டார். கட்டணம் எழுபது பவுண். வாடகையிலிருந்து அதனைக் கழித்துக்கொள்ள வீட்டுக்காரர் பின்னர் உடன்பட்டார்.

விடைபெறும்போது அம்முதியவர் தமக்கையாரை நோக்கி, "குழாய்க்கு இளஞ்சூட்டு நீர் ஊற்ற எவருடைய அட்டையும் வேண்டியதில்லை, அடுத்தமுறை நீங்களே செய்துகொள்ளலாம். பெட்டியின் மூடியை மட்டும் திறக்க வேண்டாம்" என்றார். தம் வருவாய்க்கு வழியான அறிவை இலவசமாய்க் கொடுத்துச் சென்ற அவரை யாம் ஓர் ஆசானாகவே கருதினோம். அரைமணி நேரத்தில் ரேடியேற்றரில் வெப்பம் ஏறிற்று. குழந்தையின் பாதங்கள் சிவந்தன. அத்தான் தேநீர் ஊற்றி முதற் கோப்பையைத் தமக்கையார் கையிற் கொடுத்தார். வேறொன்றும் கூறவில்லை, கூறவேண்டியதுமில்லை.

மாணவர்காள்! யாமும் சான்றிதழ் பெற்ற தொழிலாளரே. ஆசிரிய கலாசாலையிற் பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியர் என்ற தாளைக் கையிற் பெற்றே வகுப்பறையினுட் புகுந்தோம். அத்தாளின் பின்புறத்தில் எவ்வெப் பிள்ளையை யாம் தொடலாம் என்று எழுதப்படவில்லை. ஆயினும் அம்முதியவரின் விரல்களை யாம் மறக்கவில்லை. 2011ஆம் ஆண்டு தைமாதம் கல்லூரி தொடங்கியபோது, எமது வகுப்பில் வன்னியிலிருந்து வந்த மாணவன் ஒருவன் இருந்தான். 2009ஆம் ஆண்டை அவன் எவ்வாறு கடந்தான் என்பதை எவரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. கட்டுரைத்தாளை ஒவ்வொரு முறையும் வெறுந்தாளாகவே தருவான். மந்தபுத்தி என்றார் சிலர். பிடிவாதம் என்றார் வேறு சிலர். தண்டித்தாற் சரிவரும் என்று கூறினாரும் உண்டு.

யாம் அவனை எழுதுமாறு வற்புறுத்தவில்லை. நூலகத்துப் பழைய மலர்களை அடுக்குதற்குப் பள்ளி விட்டபின் துணைக்கு வருமாறு அழைத்தோம். இரண்டு கிழமை அவன் பேசவில்லை. பின்பொருநாள், படமொன்றிலிருந்த துலாக்கிணற்றைக் காட்டி, "எங்கட அப்பப்பாவின்ர தோட்டத்திலயும் இருந்தது, சேர்" என்றான். அதனை மூன்று வரியில் எழுதித் தருமாறு கேட்டோம், எழுதினான். தவணை முடிவில் ஒரு முழுப்பக்கம் தந்தான். அதில் அவன் எழுதியவற்றை இங்கே கூறுதல் முறையன்று. அவனுள்ளே பழுதொன்றும் இருக்கவில்லை. வெளிச்செல்லும் வழியே உறைந்திருந்தது. இதனை மட்டும் எம்மோடு ஆசிரியத் தொழில் புரியும் அன்பர்க்கு வணக்கத்தோடு கூறுவோம்.

எம் சமூகத்திலே எழுதுகோல் பிடிக்கும் கைக்கு ஒரு மதிப்பும், திருப்புளி பிடிக்கும் கைக்கு மற்றொரு மதிப்பும் நெடுங்காலமாய் வழங்கிவருகின்றன. விழா மலர்களிலும் வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி ஆகியோர் படங்களையே காண்கின்றோம். அவர்களால் எமக்குப் பெருமையே. எனினும் எம் பழைய மாணவருள் மின்னிணைப்போரும், குழாய் பொருத்துவோரும், குளிர்நாட்டுக் கொதிகலன்களைச் செம்மை செய்வோரும் இருத்தல் கூடும். பனியிரவிற் பதினோராவது வீட்டுக் கதவைத் தட்டும் கையும் இக்கல்லூரி வளர்த்த கையாக இருத்தல் கூடும். அடுத்த விழா மலரில் அத்தகையோர் ஒருவரின் கட்டுரையைப் படிக்க விரும்புகின்றோம். மொழிநடை பற்றி அவர் அஞ்ச வேண்டியதில்லை. பிழை திருத்துதல் எம் தொழில்.